ஆற்றுக்கு இந்தப் பக்கம்

1966 நவம்பர் 21, திங்கள். மொரீஷியஸ் தீவின் தெற்கில், சுரினாம்.

பஸ்ஸுக்குத் திரைச்சீலை வந்துவிட்டது. மருமகள் நதின் ரோஸ் ஹில்லில் தைத்து அனுப்பியிருக்கிறாள். நீலத்தில் வெள்ளைப் பூ. முப்பது வருஷம் இந்த பஸ்ஸை நான் ஓட்டினேன், ஒருத்தரும் அதற்கு ஒரு துண்டுத் துணி போட்டதில்லை. நான் வேலையை விட்டபோது முதலாளியும் பஸ்ஸைக் கழித்துவிட்டார். பழைய இரும்பு விலைக்கு நானே வாங்கி வேலி ஓரம் நிறுத்தினேன். கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இப்போது சீட்டெல்லாம் போய், பலகைக் கட்டில், ஸ்டவ், தண்ணீர்ப் பீப்பாய், திரைச்சீலை. கோழிகள் என்னை முறைக்கின்றன.

எல்லாம் ஒரு போட்டோ செய்த வேலை. நதினின் அண்ணன் செர்ஜ் ஆஸ்திரேலியா போய் இரண்டு வருஷமாகிறது. ஒரு காரும், அதன் பின்னால் சக்கரம் வைத்த சின்ன வீடும் நிற்கிற படம் அனுப்பினான். சுற்றிலும் செம்மண். ஒரு மரம் இல்லை, ஒரு நாய் இல்லை. அந்த வீட்டை இழுத்துக்கொண்டு அனல் காட்டில் மூன்று வாரம் சுற்றினார்களாம். கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற பைத்தியம் என்று நான் சிரித்தேன். என் மகன் ராமசந்திரன் சிரிக்கவில்லை. ஜனவரியில் அவனும் நதினும் அங்கேயே குடிபோகிறார்கள். "அங்க போய்த் திணறக் கூடாது பப்பா. இங்க ஒரு வாரம் பழகிப் பார்ப்போம்" என்கிறான்.

பாலைவனத்துக்குப் பழக மொரீஷியஸா? காலையில் கிளம்பினால் மாலைக்குள் கிளம்பின இடத்துக்கே கொண்டுவந்து விடும் தீவு இது. ஆனால் சரி என்றேன். ஒரு வாரம் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதற்காக எதற்கும் சரி என்பேன்.

நவம்பர் 27, ஞாயிறு

என் மனைவி கண்ணம்மா வரமாட்டாளாம். மாங்காய் அசார் ஊறுகாய் போட்டு பாட்டிலில் அடைத்து, மெத்தைக்கு உறை மாற்றி, எல்லாம் செய்துவிட்டு இன்றைக்குக் கோயிலில் வைத்துச் சொல்கிறாள். தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

எங்கள் அம்மன் கோயிலில் வழக்கம் கடுமை. மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஏறினால், தீ மிதிக்கிற நாள் வரைக்கும் ஊருக்கு இரண்டு பக்கமும் ஓடுகிற ஆற்றைத் தாண்டக் கூடாது. சொந்தத் தம்பி செத்தாலும் தாண்டக் கூடாது. பத்து நாள்.

"எதுக்காகக் கட்டுறே?" என்றேன்.

"அவன் போகாம இருக்கணும்."

"நல்லபடியாப் போகணும்னு நேர்ந்துக்குவாங்க. போகக் கூடாதுன்னு நேர்ந்துக்குவாங்களா?"

"நீங்க பஸ் ஓட்டுங்க, ராமா பப்பா. நான் அம்மன்கிட்ட பேசிக்கிறேன்."

அவள் கணக்கு அவளுக்கு. கப்பல் ஜனவரி நடுவில். தீமிதி டிசம்பர் பதினொன்று. அதற்குப் பிறகு நொவேல், பனானே என்று நத்தாரும் புதுவருஷமும் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். ஒரு வாரப் பயணத்தை விட்டுக்கொடுத்து மகனையே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறாள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன? எனக்கும் அதே ஆசைதான். எனக்கு அம்மனிடம் கேட்கத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 1

பூசாரி சுப்ரமணியன் காப்புக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நூல் ஈரமாக இருந்தது.

டிசம்பர் 2, வெள்ளி. மாயெபூர்.

கிளம்பிவிட்டோம். கண்ணம்மா பாலம் வரைக்கும் நடந்து வந்து இந்தப் பக்கமே நின்றாள். ஆறு நாளில் வந்துவிடுவோம், என்ன இருக்கிறது என்று நானும் ஹார்ன் அடித்துவிட்டுப் போனேன்.

இந்த ரோட்டில் எனக்குத் தெரியாத குழி கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் வர வேண்டிய இடத்துக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வந்தோம். நதினுக்கு நாலாம் மாசம். குலுங்கினால் வாந்தி வருகிறது. "பிள்ளைத்தாய்ச்சி இருக்கா, மெதுவாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டேன். நல்ல சாக்கு. சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்து, "டிரைவர், பஸ்ஸைத் தள்ளணுமா?" என்று கேட்டான்.

கடல் ஓரமாக நிறுத்தியிருக்கிறோம். முப்பது வருஷம் இந்தக் கடலோரமாகவே போயிருக்கிறேன், இன்றைக்குத்தான் பார்த்தேன். ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் தெரியும். ராமசந்திரன் மீன் பொரித்தான். கருக்கிவிட்டான். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 3

கிழக்கே, ஃபிளாக் ஊர்ப் பக்கம். இன்றைக்கும் மெதுவாகத்தான்.

டிசம்பர் 4, ஞாயிறு. வடக்குக் கரை.

ராமசந்திரன் கண்டுபிடித்துவிட்டான். நேற்று ஒரே சர்க்கரை ஆலையை இரண்டு தடவை பார்த்தோம். வழி தவறிவிட்டது என்றேன். நானா வழி தவறுவேன்? அவன் ஜன்னல் வழியாகக் கரும்பையே பார்த்துக்கொண்டு வந்தான். இன்று காலை கடலில் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பப்பா, இன்னும் மெதுவாப் போனா நிக்க வேண்டியதுதான்."

"எஞ்சின் பழசு."

"எஞ்சினைப் பிரிச்சு மாட்டினதே நான்தான்."

பிறகு அவனே பேசினான். சுதந்திரம் வரப்போகிறது, வந்தால் என்ன ஆகும் என்று ரோஸ் ஹில்லில் எல்லோருக்கும் பயம், நதின் வீட்டார் பாதிப் பேர் போய்விட்டார்கள், அவன் வேலை செய்கிற கராஜில் மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். போகாதே என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு கழித்துப்போட்ட பஸ் இருக்கிறது. "மாங்காய் அசார் வேணுமா?" என்று கேட்டேன்.

டிசம்பர் 5, திங்கள். ரோஸ் ஹில்.

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

நதினின் பெரியம்மா ஜோர்ஜெத் வீட்டில் துணி துவைத்துக்கொண்டு போகலாம் என்று வந்தோம். எங்களை நாலு நாளாக எங்கே தேடுவது என்று தெரியாமல் தவித்திருக்கிறாள். கப்பல் ஏஜெண்ட் ஆள் அனுப்பினாராம். ஜனவரிக் கப்பல் வராதாம். அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை போகிற கப்பலில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை. ஒன்பதாம் தேதி. விட்டால் அடுத்தது ஏப்ரலில்தான். ஏப்ரலில் நதினுக்கு எட்டு மாசம், ஏற்ற மாட்டார்கள்.

நதின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ராமசந்திரன் என்னைப் பார்த்தான்.

"அம்மா?" என்றான்.

தீமிதி பதினொன்றாம் தேதி. கப்பல் ஒன்பதாம் தேதி. நடுவில் அந்த ஆறு ஓடுகிறது. துறைமுகம் இருக்கிற போர்ட் லூயி வரைக்கும் எத்தனை ஆறு என்று யார் எண்ணினார்கள், முதல் ஆற்றையே அவள் தாண்ட முடியாதே. பிடித்துவைக்கக் கட்டிக்கொண்டாளே, அதே நூல்... ஐயோ, என்னடி பண்ணிட்டே கண்ணம்மா.

டிசம்பர் 6, செவ்வாய். ரிவியேர் நுவார் தாண்டி, மேற்குக் கரை.

நேராகப் பெரிய ரோட்டில் சுரினாம் போய்விடலாம் என்றேன். ராமசந்திரன் கேட்கவில்லை. "தொடங்கினதை முடிப்போம் பப்பா. மேற்காலேயே சுத்திப் போவோம். எப்படியும் நாளைக்கு வீடு." ஒருவேளை அம்மா முகத்தைப் பார்ப்பதைத் தள்ளிப்போட நினைத்தானோ என்னவோ. அப்படியானால் அவன் என் பிள்ளைதான்.

மேற்கில் மழையே இல்லை. புல் எல்லாம் வைக்கோலாகிக் கிடக்கிறது, முள்மரம், கல், வெயில். உப்பளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. பஸ் முழுக்க ஆவி. நதினை இறக்கி ஒரு புளியமரத்தடியில் படுக்க வைத்தோம். ஈரத்துணியை நெற்றியில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் காய்கிறது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. எதிரில் ஒரு வண்டி இல்லை. ராமசந்திரன் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே சிரித்தான்: "பப்பா, இதுதான் ஆஸ்திரேலியா!"

உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண், ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் கூடையோடு வந்து பார்த்தாள். தண்ணீர்ப் பாத்திரத்தை நதினிடம் கொடுத்துவிட்டு, "இந்த வெயில்ல பஸ்ஸுல குடியிருக்கீங்களா? வீடு கிடைக்கலையா?" என்று கேட்டாள். நதின் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்கவே இல்லை.

உண்மையை எழுதுகிறேன். இந்த பஸ் இங்கேயே செத்துப் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுந்திருக்காமல் கிடக்கட்டும். அம்மனே, நீ செய்வதாக இருந்தால் இப்போது செய்.

அவன் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கி, குடிக்க வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரை எல்லாம் ஊற்றினான். "ஸ்டார்ட் அடிங்க பப்பா" என்றான். அடித்தேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. நல்ல மெக்கானிக். பாவி, நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

டிசம்பர் 7, புதன். சுரினாம்.

கண்ணம்மா கோயில் முற்றத்தில் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை, பத்தியச் சாப்பாட்டில் முகம் பாதியாகிவிட்டது. அவனே சொன்னான். நான் சொல்ல வேண்டியதை அவன் தலையில் போட்டுவிட்டுத் தூண் பக்கம் நின்றேன்.

கையிலிருந்த கிளையை முழுக்க உருவி முடித்தாள்.

"நான் கேட்டது தப்பு" என்றாள். "போகக் கூடாதுன்னு கேட்டேன். அதான் அம்மன் சீக்கிரமாவே கூட்டிட்டுப் போறா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அறுத்துட்டு வாங்க. ஒரு நாள்தானே. கப்பல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடலாம்."

"உனக்காகக் கட்டினது, ராமா. அறுத்தா உன் தலையிலதான் விழும். தண்ணி மேல போகப் போறே. நான் அறுப்பேனா?"

நதின் பொறுக்க முடியாமல், "ஒரு நூல்! ஒரு மஞ்சள் நூல்!" என்று கத்தினாள். பூசாரி சுப்ரமணியன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் போய்க் கேட்டேன், ஏதாவது பரிகாரம் உண்டா என்று. நல்ல மனுஷன். "அவங்க மனசு ஒத்துக்கிட்டா நான் அவிழ்க்கிறேன் டிரைவர். மனசு ஒத்துக்காம நான் எப்படித் தொடுறது?" என்றார். மனசு ஒத்துக்கொள்ளாது. இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த மனசு.

கி பு ஃபேர். இந்த ஊரில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சொல்கிறோமே, என்ன செய்வது, என்ன செய்வது என்று. இன்றைக்குத்தான் அது ஒரு கேள்வி என்று தெரிகிறது. யாராவது பதில் சொல்லுங்களேன்.

டிசம்பர் 8

பெட்டி கட்டினார்கள். நதின் கண்ணம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 9, வெள்ளி

இன்றைக்கு மெதுவாக ஓட்ட வழியில்லை. பத்து மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

கண்ணம்மா பாலம் வரைக்கும் பஸ்ஸில் வந்தாள். அந்த ஒரு மைல்தான் அவளுக்கு இந்தப் பயணத்தில் கிடைத்தது. கட்டிலில் உட்கார்ந்து திரைச்சீலையைத் தடவிக்கொண்டே வந்தாள். பாலத்தின் முன்னால் நிறுத்தினேன். ராமசந்திரன் இறங்கி அவள் காலில் விழுந்தான். கல்யாணத்தன்றுகூட விழவில்லை, மாதா கோயிலில் நடந்தது என்பதால். அவள் அவன் தலையில் கை வைத்தாள். "தலையைத் துவட்டாம வெளியே போகாதே" என்றாள். அவனுக்கு இருபத்தாறு வயசு.

பாலத்தின் மேல் ஏறினேன். கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷப் பழக்கம், பார்த்துவிட்டேன். அவள் கையை ஆட்டவில்லை. நூல் கட்டின கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துறைமுகத்தில் ஒரே கூட்டம். அழுகிறவர்கள், பாடுகிறவர்கள், குடித்தவர்கள். ராமசந்திரன் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். "கி பு ஃபேர், பப்பா" என்றான். நான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தது எல்லாம் போய், "எண்ணெய் அளவைப் பார்த்துக்கோ" என்று சொன்னேன். எந்த வண்டியின் எண்ணெய்? அவனிடம் வண்டியே இல்லை.

கப்பல் நகர்ந்த பிறகு பஸ்ஸை எடுக்க முடியவில்லை. எடுக்கத் தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரன் வந்து தட்டினான். ரோஸ் பெல் தாண்டி ஒரு கிழவி கை காட்டினாள், பழையபடி ஓடுகிற லைன் பஸ் என்று நினைத்துவிட்டாள். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இப்போ எல்லாம் வசதி பண்ணிட்டாங்க" என்றாள். அவள் ஊர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இறங்கிய பிறகுதான் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

டிசம்பர் 11, ஞாயிறு

மிதித்தாள். காலில் ஒன்றும் இல்லை. அம்மன் அதையாவது கொடுத்தாள்.

டிசம்பர் 12

காலையில் ஆற்றங்கரையில் எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். கண்ணம்மா கையைக் கொடுக்கவில்லை. "அவன் இன்னும் தண்ணி மேலதானே இருக்கான். கரை சேரட்டும்" என்றாள். சரி, நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

1967 ஜனவரி 1

பனானே. யாரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தந்தி வந்து நாலு நாளாகிறது. நூல் இன்னும் கையில் இருக்கிறது.

மே 14

பேத்தி பிறந்திருக்கிறாள். ஒதில் கண்ணம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுவிட்டு இவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் மெதுவாகக் கேட்டேன், இனிமேல் அவிழ்க்கலாமே என்று. "அப்போ தப்பா வேண்டிக்கிட்டேன். இப்போ சரியா வேண்டிக்கிட்டு இருக்கேன். இது இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அவள் தங்கச்சி பொன்னம்மா மகள் கல்யாணம் மாயெபூரில். போகவில்லை. பல் வலி. டாக்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். போகவில்லை. கிராம்பு வைத்துக்கொண்டு கிடக்கிறாள்.

எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மன் மேலா? கப்பல் ஏஜெண்ட் மேலா? கத்திரி அலமாரியில்தான் இருக்கு. தூங்குறப்போ ஒரு வெட்டு. முடியல. அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? பாரு, நானும் நம்புறேன்.

ஆகஸ்ட் 20

பஸ்ஸில் மறுபடியும் கோழி அடைகிறது.

1968 மார்ச் 10, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை சுதந்திரம். ஊரெல்லாம் நாலு நிறக் கொடி. அடுத்த வீட்டு ஐயாசாமி என் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருக்கிறான், போர்ட் லூயிக்கு எல்லோரையும் நான் அழைத்துப்போக வேண்டுமாம், கொடியேற்றம் பார்க்க.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆஸ்திரேலியா வர அனுமதி கிடைத்துவிட்டது என்று ராமசந்திரன் சொல்லி அனுப்பி இரண்டு வாரமாகிறது. வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்று காலை கண்ணம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நூல் விழுந்துவிட்டது. மக்கிப்போய், சோப்புத் தண்ணீரில் தானாக விழுந்துவிட்டது. அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெயிலே படாத இடம், வெளுப்பாக ஒரு கோடு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று எழுத முடியாது. யாரும் அறுக்கவில்லை, யாரும் அவிழ்க்கவில்லை. அம்மனே விட்டுவிட்டாள். "கண்ணம்மா, போகலாம்" என்றேன். "பேத்தியைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை முதல்ல போர்ட் லூயி போய் அந்த ஏஜெண்டைப் பார்த்துடலாம்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். செருப்பை மாட்டிக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மஞ்சள் அரைத்துப் புது நூலில் தடவிக்கொண்டு வந்து, என் முன்னால் கையை நீட்டினாள்.

"ஒரு கையால எனக்குக் கட்ட வரலை. நீங்க கட்டுங்க."

"பேத்தி, கண்ணம்மா..."

"அவளுக்கும் சேர்த்துத்தான். கட்டுங்க."

பூசாரியிடம் போ என்று சொல்லியிருக்கலாம். கட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"இறுக்கிப் போடுங்க. போன தடவை தளர்வாப் போட்டுட்டாங்க."

இறுக்கித்தான் போட்டேன். பிறகு ஐயாசாமியிடம் போய், செவ்வாய்க்கிழமை பஸ்ஸை நீயே ஓட்டிக்கொள், நான் வரவில்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.